பேக்கப் முடியும்வரை மடிக்கணினி உறங்காமலிருக்க

தொலைவிலுள்ள மடிக்கணினியில் பேக்கப் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் உறக்க நிலையே காரணம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கணினியை வைத்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து இயக்குபவர், புறப்படும் முன்பே அமைப்புகளைச் சரிசெய்துவிட வேண்டும்.

விண்டோஸில், சார்ஜரில் இருக்கும்போது ‘ஸ்லீப்’ என்பதற்கு ‘நெவர்’ என்று வைக்க வேண்டும். மூடியை மூடினாலும் ‘டூ நத்திங்’ என்றிருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். திரை அணைந்தால் பாதகமில்லை. இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாமென்றால், டாஸ்க் ஷெட்யூலரில் அந்தப் பணிக்குக் கணினியை எழுப்பும் தெரிவைக் குறித்து, பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமரையும் அனுமதிக்கலாம். மேக்கில், டெர்மினலில் ‘காஃபினேட்’ கட்டளை ஓடும்வரை கணினி தானாக உறங்காது. ஆனால் மூடி திறந்திருக்க வேண்டும்.

நேரத் தேர்வும் முக்கியம். துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணிவரை இடிமின்னலுக்கு வாய்ப்பு அதிகம் என்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிப்பது வழக்கம். எனவே நள்ளிரவுக்குப் பிந்திய நேரமே நல்லது. மின்தடையை மடிக்கணினியின் பேட்டரி தாங்கும், ரௌட்டர் தாங்காது. அதற்கு ஒரு சிறிய யுபிஎஸ் கட்டாயம் தேவை. விழித்திருக்கும் கணினி சூடாகும் என்பதால் அதைப் பைக்குள் வைக்கவே கூடாது.