விண்கலம் ஏறிய பாட்டிக்கதை

(உரைநடை)

நுழையும்முன்

பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் குடும்பங்களில், பழைய கதைகள் பெரும்பாலும் பாட்டியின் நாவில்தான் வாழ்கின்றன. பள்ளி நூலகத்தில் அக்கதைகளைக் காண்பது அரிது. வகுப்பில் அவற்றை அறிந்த தோழர் கிடைப்பதும் அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த எழுத்தாளர் சிலர், அத்தகைய கதைகளைக் கொண்டு இளையோருக்கான அறிவியல் புனைகதைகளையும் மாயப் புனைகதைகளையும் படைத்துள்ளனர். மரபைக் காப்பது என்றால் என்ன? இவ்வினாவுக்கு அவர்கள் கண்ட விடையை இப்பாடத்தில் அறிவோம்.

அடுக்கில் இல்லாத கதை

கரீபியன் கடலில் உள்ள தீவு புவேர்ட்டோ ரிக்கோ. அத்தீவில் பிறந்த புரா பெல்ப்ரே என்னும் இளம்பெண், 1921ஆம் ஆண்டில் நியூயார்க் பொது நூலகத்தில் பணியில் சேர்ந்தார். நூலகத்தில் நாட்டுப்புறக் கதைகளுக்கெனத் தனி அடுக்குகள் இருந்தன. பல நாட்டுக் கதைகளும் அங்கே இடம்பெற்றிருந்தன. ஆனால், தம் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த கதைகளில் ஒன்றைக்கூட அவர் அங்குக் காணவில்லை.

அவர் வருந்தி வாளா இருந்துவிடவில்லை. குழந்தைகளைக் கூட்டி, ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் கதை சொல்லத் தொடங்கினார். பாவைகள் செய்து கதைகளை நடித்துக் காட்டினார். மார்ட்டினா என்னும் கரப்பான்பூச்சியும் பெரெஸ் என்னும் எலியும் மணம் புரியும் கதையை 1932இல் நூலாக வெளியிட்டார். பாட்டியின் கதை இவ்வாறு நூலக அடுக்கில் இடம்பெற்றது. இலத்தீன் அமெரிக்கப் பண்பாட்டைச் சிறப்பாகக் காட்டும் சிறுவர் நூல்களுக்கு, 1996 முதல் அவர் பெயரிலேயே ஒரு விருது வழங்கப்பட்டு வருகிறது.

எதிர்காலத்தில் யார் இருப்பர்?

பழங்கதைக்கு இடம் கிடைத்தது. ஆனால் வருங்காலக் கதைக்கு? 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோர் ஏறத்தாழ 6 கோடியே 20 இலட்சம் பேர். எனினும், நெடுங்காலமாக அந்நாட்டு அறிவியல் புனைகதைகளில் அவர்களைப் போன்ற மாந்தரைக் காண்பது அரிதாகவே இருந்தது.

இது சிறு குறை அன்று. எதிர்காலத்தைப் பற்றிய கதையில் ஒரு குழந்தை தன்னைப் போன்றவரைக் காணாதபோது, எதிர்காலம் தனக்கு உரியது அன்று என்று எண்ணத் தலைப்படும். பாட்டியின் மொழி பழமைக்கு மட்டுமே உரியது. வளர வேண்டுமாயின் அதைக் கைவிட வேண்டும் என்ற முடிவுக்கும் அது வரக்கூடும். இம்முடிவை மறுத்து எழுந்த நூல்களில் மூன்றை இங்குக் காண்போம்.

கடைசிக் கதைசொல்லி

டோனா பார்பா இகேரா எழுதி 2021இல் வெளிவந்த புதினம் 'தி லாஸ்ட் குவென்டிஸ்டா'. குவென்டிஸ்டா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குக் கதைசொல்லி என்பது பொருள். கதை 2061ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஹேலி வால்மீன் கதிரவனை நெருங்கி வரும் ஆண்டு அது. புதினத்தில் அவ்வால்மீன் தடம் மாறிப் புவியை நோக்கி விரைகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் மட்டும் விண்கலம் ஏறித் தொலைவில் உள்ள வேறொரு கோளுக்குப் புறப்படுகின்றனர். அவர்களுள் ஒருத்தி பெட்ரா பெனியா.

பெட்ராவின் பெற்றோர் அறிவியலாளர்கள். அவளுக்கோ, நியூ மெக்சிகோவில் வாழும் தன் பாட்டி லீட்டாவைப் போலக் கதைசொல்லி ஆக வேண்டும் என்பதே விருப்பம். முதியவளான லீட்டாவுக்குக் கலத்தில் இடம் இல்லை. பாட்டியைப் பிரிந்து செல்லும் பெட்ரா, அவர் சொன்ன கதைகளை நெஞ்சில் சுமந்து செல்கிறாள்.

பயணிகள் உறக்கத்தில் ஆழ்த்தப்படுகின்றனர். ஏறத்தாழ 380 ஆண்டுகளுக்குப் பின் பெட்ரா கண் விழிக்கும்போது, கலத்தின் ஆட்சி ஒரு கூட்டத்தின் கைக்கு மாறியிருக்கிறது. பூசலுக்கெல்லாம் மனிதரிடையே உள்ள வேறுபாடுகளே காரணம். ஆகவே, பழைய நினைவுகள் அனைத்தையும் அழித்துவிட்டால் அமைதி நிலைக்கும் என்பது அக்கூட்டத்தாரின் கொள்கை. உறங்கியோரின் நினைவிலிருந்து புவியையே அவர்கள் துடைத்துவிட்டனர். குழந்தைகளுக்குப் பெயருக்கு மாறாக எண்களை இட்டு அழைக்கின்றனர். புவியை மறவாமல் விழித்தவள் பெட்ரா ஒருத்திதான்.

அவளிடம் படைக்கலம் எதுவும் இல்லை. கதைகள் மட்டுமே உள்ளன. உடன் விழித்த சிறுவர்களுக்கு அவள் இரவில் மறைவாகக் கதை சொல்கிறாள். பாட்டி சொன்ன சொற்களை அப்படியே ஒப்பிக்காமல், கேட்போரின் நிலைக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறாள். கதையைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்று கற்பித்தவர் பாட்டியே அல்லவா?

அமைதிக்காக நினைவை அழிக்கலாமா என்பதே இப்புதினம் எழுப்பும் வினா. வேறுபாடுகளால் துன்பம் வரலாம் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால், நினைவற்றவருக்குத் துன்பத்தோடு அன்பும் மறந்துபோகும் என்று காட்டுகிறது. அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் உயர்ந்த விருதாகிய நியூபெரி பதக்கம் 2022இல் இந்நூலுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் புரா பெல்ப்ரே விருதும் கிடைத்தது. நூலகத்தில் தம் பாட்டியின் கதையைத் தேடிய பெண்ணின் பெயரால் அமைந்த விருதை, பாட்டியின் கதையை விண்ணுக்குச் சுமந்த சிறுமியின் கதை பெற்றது பொருத்தமே.

சுவரில் வழிந்த கண்ணீர்

மரபு என்று வந்துவிட்டால் அதிலுள்ள அனைத்தையும் ஏற்க வேண்டுமா? டேனியல் ஹோசே ஓல்டர் எழுதிய 'ஷேடோஷேப்பர்' (2015) இவ்வினாவை எழுப்புகிறது. சியெரா சான்டியாகோ நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழும் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த பெண். ஓவியம் தீட்டுவதில் வல்லவள். ஒருநாள், தெருச் சுவரில் உள்ள பழைய ஓவியம் ஒன்றின் கண்ணிலிருந்து கண்ணீர் வழிவதைக் காண்கிறாள். மறைந்த முன்னோரின் ஆவிகளை ஓவியத்தில் குடியேற்றும் கலை தன் குடும்பத்துக்கு உரியது என்பதைப் பின்னர் அறிகிறாள். ஆனால், அக்கலை பெண்களுக்கு ஆகாது என்று கருதிய தாத்தா அதனை அவளிடமிருந்து மறைத்துவிட்டார்.

அக்கலையை ஆராய வந்த மானிடவியல் பேராசிரியர் ஒருவரோ அதன் ஆற்றலைத் தமதாக்கிக்கொள்ள முயல்கிறார். ஆகவே, சியெரா இரு திசையில் போராட வேண்டியுள்ளது. மரபை வெளியார் கவராமல் காக்க வேண்டும். மரபுக்குள் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட இடத்தையும் பெற வேண்டும். தாத்தாவிடம் அன்பு கொண்டிருந்தும், அவர் செய்தது தவறு என்று அவளால் சொல்ல முடிகிறது. அன்பும் வினாவும் ஒரே நெஞ்சில் வாழலாம் என்பதை அவள் காட்டுகிறாள்.

பெயர் இல்லாதவள்

அர்ஜென்டினாவில் வழங்கும் நம்பிக்கை ஒன்று உண்டு. தொடர்ந்து பிறக்கும் ஆண்மக்களுள் ஏழாமவன் முழுநிலவு இரவில் ஓநாயாக மாறுவான் என்பர். அவனுக்கு 'லோபிசோன்' என்று பெயர். ரோமினா கார்பர் எழுதிய 'லோபிசோனா' (2020) இந்நம்பிக்கையிலிருந்து பிறந்த புதினம். கதைத்தலைவி மனுவேலா, தாயுடன் மயாமி நகரில் குடியுரிமை ஆவணம் இன்றி மறைந்து வாழ்கிறாள். பின்னர் மாய உலகம் ஒன்றைக் கண்டடைகிறாள். அங்கே ஆண்கள் ஓநாயாவர், பெண்கள் சூனியக்காரிகளாவர். பெண்ணாகப் பிறந்தும் ஓநாயாக மாறும் மனுவேலாவைக் குறிக்க அவ்வுலகில் சொல்லே இல்லை. ஒரு நாட்டில் ஆவணம் இல்லை. மற்றோர் உலகில் பெயர் இல்லை. ஆண்பாற் சொல்லுக்குப் பெண்பால் ஈறு சேர்ந்து 'லோபிசோனா' ஆகிறபோது, அவளுக்கும் ஓர் இடம் பிறக்கிறது.

சாய்வெழுத்து வேண்டா

ஆங்கில நூல்களில் பிறமொழிச் சொற்களைச் சாய்வெழுத்தில் அச்சிடுவது பழைய வழக்கம். ஓல்டர் இதனை ஏற்கவில்லை. இரு மொழிகளில் வாழ்பவர் பேசும்போது, ஒரு மொழி நேராகவும் மற்றொன்று சாய்வாகவும் ஒலிப்பதில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. சாய்வெழுத்து, ‘இச்சொல் அயலானது’ என்று சுட்டிக் காட்டும். வீட்டில் வழங்கும் சொல் எப்படி அயற்சொல் ஆகும்?

இம்மூன்று நூல்களின் தலைவியரும் மரபைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. பெட்ரா அதனை மாற்றிச் சொன்னாள். சியெரா அதனோடு வாதிட்டாள். மனுவேலா அதில் தனக்கொரு சொல்லைப் பெற்றாள். சொல்லப்படாத கதை, எவ்வளவு பாதுகாப்பாக வைத்தாலும், பாட்டியோடு முடிந்துவிடும். அடுத்தவர் தம் குரலில் சொல்லத் துணிந்தால்தான் அது அடுத்த ஊருக்கும் செல்லும். அடுத்த கோளுக்கும் செல்லும்.

தெரிந்து தெளிவோம்

ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொற்கள் ஆண்பால் அல்லது பெண்பாலாக அமையும். இலத்தீன் அமெரிக்க வழிவந்த ஆணை ‘லத்தீனோ’ என்றும், பெண்ணை ‘லத்தீனா’ என்றும் கூறுவர். பால் சுட்டாமல் அனைவரையும் குறிக்கும் பொருட்டு ‘லத்தீனெக்ஸ்’, ‘லத்தீனே’ ஆகிய சொற்கள் அண்மைக் காலத்தில் உருவாயின. இவற்றை விரும்பி ஏற்போரும் உளர்; மறுப்போரும் உளர். தமிழில் தோழன் ஆண்பால், தோழி பெண்பால், தோழர் என்பது இருபாலார்க்கும் பொது.

சொல்லும் பொருளும்

வாளா – சும்மா
பாவை – பொம்மை
மாந்தர் – மனிதர்
கோள் – கதிரவனையோ மற்றொரு விண்மீனையோ சுற்றிவரும் பெரும்பொருள்
பூசல் – சண்டை
படைக்கலம் – ஆயுதம்
ஈறு – சொல்லின் இறுதி

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. புரா பெல்ப்ரே பிறந்த தீவு ____________.
2. குவென்டிஸ்டா என்னும் சொல்லின் பொருள் ____________.
3. சியெரா வாழும் பகுதி ____________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. நூலக அடுக்குகளில் புரா பெல்ப்ரே காணாதது எது?
2. பழைய நினைவுகளை அழித்தோர் அதற்குக் கூறிய காரணம் யாது?
3. ஓல்டர் சாய்வெழுத்தை ஏற்க மறுத்தது ஏன்?

இ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. சியெரா இரு திசையில் போராட நேர்ந்ததை விளக்குக.
2. ‘ஒரு நாட்டில் ஆவணம் இல்லை; மற்றோர் உலகில் பெயர் இல்லை’ – இத்தொடரின் பொருளை எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
‘வேறுபாடுகளை மறந்தால் அமைதி வரும்’ என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.

உ. மொழிப்பயிற்சி
பின்வரும் சொற்களுக்கு இருபாலார்க்கும் பொதுவான சொல்லை எழுதுக.
மாணவன், கலைஞன், ஆசிரியை, தலைவி, அறிஞன்

ஊ. செயல்பாடு
உங்கள் வீட்டில் மூத்தோர் ஒருவரிடம், அவர் இளமையில் கேட்ட கதை ஒன்றைக் கேட்டு எழுதுக. பின்னர், அக்கதை 2100ஆம் ஆண்டில் ஒரு விண்கலத்தில் நிகழ்வதாக மாற்றி எழுதுக. எதனை மாற்றினீர்கள், எதனை மாற்ற மனம் வரவில்லை என்பதை வகுப்பில் எடுத்துரைக்க.