மழைக்கு முன் மேட்டைப் பார்

ஜார்க்கண்ட் மாநிலம் கோடா மாவட்டத்தில் லால்மட்டியா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய நிலக்கரிச் சுரங்கம் உண்டு. அது திறந்தவெளிச் சுரங்கம். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள். பொழுது சாய்ந்த பிறகும் வேலை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று மண்மேடு சரிந்தது. லாரிகளும் இயந்திரங்களும் மண்ணுக்குள் புதைந்தன. 23 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

மண்மேடு ஏன் சரிகிறது? அது சரியும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மேடு எப்படி வந்தது?

நிலக்கரி பூமிக்கு அடியில் கிடக்கிறது. அதன் மேல் மண்ணும் பாறையும் மூடியிருக்கும். முதலில் அவற்றை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய மண்ணையும் கல்லையும் ஓரிடத்தில் கொட்டுகிறார்கள். நாளடைவில் அது மலைபோல் வளர்ந்துவிடும். இதுதான் கழிவு மேடு.

களத்தில் நெல்லைக் கொட்டிப் பாருங்கள். குவியல் ஓரளவு சரிவோடுதான் நிற்கும். இன்னும் செங்குத்தாகக் குவிக்க முயன்றால் நெல் சரிந்து ஓடும். மண்மேடும் அப்படித்தான்.

அதனால் மேட்டுக்கு அளவு வேண்டும். 2017ஆம் ஆண்டு வந்த நிலக்கரிச் சுரங்க விதிகள் அந்த அளவைச் சொல்கின்றன. நேரான சுவரின் சாய்வு 90 டிகிரி. அதில் பாதி 45 டிகிரி. மேட்டின் சரிவு அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் மேட்டைப் படிப்படியாக அமைக்க வேண்டும். 30 மீட்டர் என்றால் ஏறக்குறைய பத்து மாடி உயரம். பொதுச் சாலை, ரயில் பாதை, பிறருடைய கட்டடம் ஆகியவற்றிலிருந்து மேட்டின் அடி 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

தண்ணீர் என்ன செய்யும்?

மேடு சரியப் பல காரணங்கள் உண்டு. அடித்தரை வலுவில்லாமல் இருக்கலாம். சரிவு செங்குத்தாக இருக்கலாம். ஆனால் பல இடங்களில் கெடுதல் செய்வது தண்ணீர்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கினால் மேட்டின் எடை கூடும். மண்ணின் பிடிப்பு தளரும். பிறகு மேடு நகரத் தொடங்கும்.

இந்த ஆபத்து நம் நாட்டில் மட்டும் இல்லை. பிரிட்டனில் வேல்ஸ் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே அபர்வான் என்ற ஊருக்கு மேலே, மலைச்சரிவில் நிலக்கரிக் கழிவைக் கொட்டினார்கள். கொட்டிய இடத்தின் அடியில் நீரூற்று இருந்தது. ஊர் மக்கள் முன்பே பயந்தார்கள். புகாரும் கொடுத்தார்கள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் காலையில் மேடு சரிந்தது. சேறாக ஓடி வந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். இந்த விபத்தைத் தடுத்திருக்க முடியும் என்று விசாரணையில் தெரிந்தது.

எங்கே, எதைப் பார்க்க வேண்டும்?

ஜார்க்கண்டில் ஜூன் மாதம் மழைக்காலம் தொடங்கும். அதற்கு முன்பே மேட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பெருமழை பெய்த பிறகும் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் மேலிருந்து கீழே வரிசையாகப் பார்ப்பார்.

மேல்பகுதி: தண்ணீர் குட்டையாகத் தேங்கி நிற்கிறதா? தரையில் வெடிப்பு இருக்கிறதா? வெடிப்பு இருந்தால் இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடிப்பார். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதி வைப்பார். மறுபடியும் அளப்பார். தூரம் கூடியிருந்தால் மேடு நகர்கிறது என்று பொருள். உடனே ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும்.

சரிவு: மழைநீர் மண்ணை அரித்து ஓடை போட்டிருக்கிறதா? புல்லும் செடியும் பிடித்திருக்கின்றனவா? வேர் மண்ணைப் பிடித்து வைக்கும். வெறும் சரிவில் தேங்காய் நார் விரிப்பை விரித்துப் புல் வளர்க்கலாம். புகை வருகிறதா என்றும் பார்ப்பார். கழிவில் கலந்த கரி தானே தீப்பிடிப்பதும் உண்டு.

அடிப்பகுதி: மண் வெளியே உப்பி நிற்கிறதா? புதிதாகத் தண்ணீர் கசிகிறதா? அது கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. அடியில் கட்டிய கல் தடுப்பு உடைந்திருக்கிறதா? இவற்றைத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். மண் கொட்டிக்கொண்டிருக்கும் மேட்டின் அடிக்கு யாரும் போகக் கூடாது.

வாய்க்கால்: மேட்டைச் சுற்றி மாலைபோல் வாய்க்கால் வெட்டுவார்கள். வெளியிலிருந்து வரும் தண்ணீரையும் மேட்டிலிருந்து வழியும் தண்ணீரையும் அது வாங்கிக்கொள்ளும். அதில் மண் அடைத்திருந்தால் தண்ணீர் திரும்பி மேட்டுக்குள் போகும். அடைப்பை மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

குட்டை: வாய்க்கால் தண்ணீர் நேராக ஆற்றுக்குப் போகக் கூடாது. முதலில் ஒரு குட்டையில் தங்க வேண்டும். சேறு அடியில் படியும். தெளிந்த நீர் வெளியே போகும். குட்டை சேற்றால் நிறைந்துவிட்டால் பயன் இல்லை. தூர் வார வேண்டும். தண்ணீர் துரு நிறமாக வந்தால் அது அமிலமாக இருக்கலாம். அசாம், மேகாலயா நிலக்கரியில் கந்தகம் அதிகம். அங்கே இந்தக் கெடுதலும் அதிகம். அந்த நீரில் மீன் வாழாது.

எழுதி வைப்பது ஏன்?

பார்த்ததை அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும். நாள், இடம், அளவு, செய்ய வேண்டிய வேலை எல்லாம் எழுத வேண்டும். "வெடிப்பு இருக்கிறது" என்று வாயால் சொன்னால் மறந்து போகலாம். "நேற்று நான்கு விரல், இன்று ஆறு விரல்" என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. அடுத்த ஷிப்டில் வருபவரும் படித்துத் தெரிந்துகொள்வார்.

வெடிப்பை முதலில் பார்ப்பவர் அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. லாரி ஓட்டுபவராக இருக்கலாம். மாடு மேய்ப்பவராக இருக்கலாம். பார்த்தவர் உடனே சொல்ல வேண்டும். கேட்டவர் அதை எழுத வேண்டும். எழுதியதைப் படித்தவர் வேலையைச் செய்ய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் உயிர் போகும்.

பேசுவோம்

1. கழிவு மேட்டை ஏன் செங்குத்தாகக் கொட்டக் கூடாது?
2. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் மேட்டுக்கு என்ன ஆகும்?
3. வெடிப்பு பெரிதாகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
4. உங்கள் ஊர் ஏரிக்கரையில் வெடிப்போ கசிவோ தெரிந்தால் யாரிடம் சொல்வீர்கள்? அதை ஒரு தாளில் நான்கு வரியில் எழுதுங்கள்.