சூடு வெயிலில் இல்லை!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் குழந்தை இல்லையென்றால் முதலில் மருந்து குடிப்பது மருமகள்தான். மகனைச் சோதிக்கச் சொன்னால், "அவனுக்கு வெறும் சூடுதான், லேகியம் குடுங்கய்யா" என்பார் மாமியார்.

சூடு உண்மைதான், ஆனால் வெயில் சூடல்ல. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதுபோல விரைப்பையிலும் ரத்தக்குழாய் புடைத்துக்கொள்ளும். இதுதான் வேரிகோசில். பெரும்பாலும் இடப்பக்கம் வரும். ரத்தம் தேங்கி விரை சூடாவதால் விந்தணுவின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறையலாம். நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது உண்டு. குழந்தையில்லாத ஆண்களில் நூற்றுக்கு 35 முதல் 40 பேருக்கு.

நான் சித்த வைத்தியன். இருந்தும் சொல்கிறேன், புடைத்த குழாயை லேகியம் சுருக்காது. தொட்டாலே தெரியும் புடைப்பும், விந்துப் பரிசோதனையில் குறையும் சேர்ந்திருந்தால் ஆபரேஷன் உதவும். பத்தில் ஆறேழு பேருக்கு விந்தணு தேறுகிறது. அதனால் குழந்தை நிச்சயம் என்று சொல்லிவிட முடியாது. மனைவியின் வயதும் உடல்நிலையும் முக்கியம். ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு புடைப்புக்குக் கத்தி வேண்டாம்.

புது விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாளாகும். எனவே மறுவாரமே சோதித்துச் சோர்ந்துபோகாதீர்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரியல் பிரிவு இருக்கிறது.

மருமகளுக்கு இன்னொரு கஷாயம் காய்ச்சும் முன், மகனையும் ஒருமுறை அனுப்பி வையுங்கள்.