மழைக்கு முன் ஒரு டப்பா
2015, 2023 டிசம்பர் வெள்ளங்களின்போது சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, பாலும் இல்லை. ஒற்றைப் படுக்கையறை வீடானாலும், ஐப்பசி பிறக்கும் முன்பே இறுக்கமான மூடியுள்ள டப்பா ஒன்றில் நான்கு நாள் உணவை எடுத்து வையுங்கள். அடுப்பே வேண்டாத அவலுக்குத்தான் முதலிடம்: கெட்டி அவலைக் கழுவி, கால் மணி நேரம் ஊறவைத்து வெல்லம் சேர்த்தால் குழந்தையும் சாப்பிடும். பொட்டுக்கடலை, பேரீச்சை, பால் பவுடரும் இருக்கட்டும். ரவையை வறுத்து, நன்றாக ஆறிய பிறகே அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடி வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் கட்டிலுக்கடியில் வைக்கவே வேண்டாம், பரண்தான் சரி. குடிநீர் ஆளுக்குத் தினம் 3 லிட்டர். தீப்பெட்டியை பிளாஸ்டிக் உறையில் சுற்றி அதே டப்பாவில் போடுங்கள். பொங்கலுக்குள் எல்லாவற்றையும் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.