ஒரே கணிப்பொறியில் இரு குடித்தனம்

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவ மாணவியருக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அத்திட்டத்தில் என் பெரியம்மா மகள் பெற்ற மடிக்கணினியைத் திறந்தால், "விண்டோஸா, பாஸ் லினக்ஸா?" என்று முதலில் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். பாஸ் என்பது நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். சிறுமியாயிருந்த எனக்கு அக்கேள்வி பெரும் வியப்பளித்தது.

அன்புத் தோழியரே! கணிப்பொறி என்னும் வீட்டை நடத்தும் இல்லத்தரசியே இயங்குதளம். கோப்புகளை எடுத்துக் கொடுப்பது, நினைவகத்தைப் பங்கிடுவது, விசைப்பலகையைக் கவனிப்பது யாவும் அவள் பொறுப்பு. இரண்டு இல்லத்தரசிகள் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டுமானால் நடுவே சுவர் வேண்டுமல்லவா? வன்தட்டில் எழுப்பும் அச்சுவரால் பிரியும் பகுதிகளைப் பார்ட்டிஷன் என்பர். ஆனால் ஒருத்தி உறங்கினால்தான் மற்றவள் எழுவாள்.

எங்கள் வீட்டிலும் இத்தேவை வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி எங்கள் பழைய கணிப்பொறியில் இல்லை. அப்பாவின் கடைக் கணக்கு மென்பொருளோ விண்டோஸில் மட்டுமே ஓடும். எனவே கணக்குக்கு விண்டோஸ், இணையத்துக்கு உபுண்டு லினக்ஸ் என்று முடிவாயிற்று.

நிறுவும்போது இரு வழிகள் காட்டப்பட்டன. ஒன்று, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுதல். மற்றது, வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவுதல். அவசரத்தில் நான் இரண்டாவதை அழுத்திவிட்டேன். அப்பாவின் கணக்கு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. தம்பியின் புதுநன்மைப் படங்களுக்குப் பிரதி இல்லை, அத்தனையும் போயின. அம்மா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. சித்தப்பாவின் கைப்பேசியிலிருந்து ஒன்பது படங்கள் கிடைத்தன. தம்பி நற்கருணை வாங்கும் படம் மட்டும் அவற்றில் இல்லை.

இரண்டாம் முறை, இருந்ததையெல்லாம் முதலில் பிரதி எடுத்தேன். மறுபடி விண்டோஸை நிறுவி, அதிலேயே உள்ள கருவியால் அதன் பகுதியைச் சுருக்கினேன். உபுண்டுவுக்கு 25 ஜிகாபைட்டாவது வேண்டும். நான் 60 விட்டேன். லினக்ஸைப் பிறகு நிறுவுவதற்குக் காரணம் உண்டு. லினக்ஸுடன் வரும் கிரப் என்னும் வாயிற்காப்போன் விண்டோஸையும் தேடிக் கண்டுபிடித்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்வான். பின்னால் வரும் விண்டோஸ் லினக்ஸுக்கு அந்த மரியாதையைச் செய்வதில்லை! விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்ற வசதியையும் நிறுத்திவிட வேண்டும். இல்லையெனில் அது முழுவதும் அணையாமல், அறையைப் பூட்டிச் சாவியோடு உறங்கிவிடும். லினக்ஸால் அப்பகுதியில் எதுவும் எழுத இயலாது.

மறுநாள் காலை 9 மணிக்கு அப்பா விண்டோஸைத் திறந்தார். முதல் வரவு விடியற்காலை 3.30 என்று பதிவாயிற்று. கணிப்பொறியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எண்ணிக்கொள்கிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது அல்லவா? உள்ளூர் நேரத்திலேயே கடிகாரத்தை வைக்கும்படி லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தேன். அன்றுமுதல் இருவரும் ஒரே மணி சொல்கிறார்கள்.