சாவி யார் கையில் இருந்தது?

அன்புள்ள கதிர்,

குடித்திருந்த நண்பன் வண்டி ஓட்டியதைப் பற்றிக் கேட்டதற்கு, "நான் ஓட்டலையே சித்தப்பா, பின்னாடி உட்கார்ந்துதானே வந்தேன்" என்று போனில் சொன்னாய். ஒன்றும் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் பேசித் தீர்கிற விஷயமாகப் படவில்லை, அதனால் கடிதம்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹாலோடு வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு பாயும். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. இது உனக்கும் தெரிந்திருக்கும். தெரியாதது 188: அந்தக் குற்றத்துக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை. கூட வருபவர்களுக்கும் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022-இல் அறிவித்தது இதை வைத்துத்தான். சும்மா உட்கார்ந்து வருவது துணைபோவதாகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். வாதத்துக்கு இடமுண்டு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் வண்டி உன்னுடையது. சாவியை எடுத்துக் கொடுத்ததும் நீ.

2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் ஒரு கார் நடைபாதையில் ஏறியது. அங்கே படுத்துத் தூங்கிய கூலித் தொழிலாளர்கள் 7 பேர் இறந்துபோனார்கள். ஓட்டிய இளைஞன் குடித்திருந்தான். அவனுக்கு 3 ஆண்டு சிறை; 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. காருக்குள் அவன் கூட்டாளிகளும் இருந்தார்கள். தண்டனை ஓட்டியவனுக்கு மட்டும். அந்தக் கூட்டாளிகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் ராத்திரிகளில் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

உன் வயதில், ஒரு கல்யாண வீட்டு ராத்திரியில், என் சேக்காளி வண்டிச் சாவி கேட்டான். கால் தடுமாறியதைப் பார்த்தேன். "மோர் குடிச்சிட்டேன், தெளிஞ்சிருச்சு" என்றான். மோரோ எலுமிச்சையோ போதையை இறக்காது, நேரம் போனால்தான் இறங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். மறுத்தால் பத்துப் பேர் முன்னால் அவன் முகம் சுண்டிப்போகுமே என்பதுதான் என் கவலை. எதிரே சைக்கிளில் வரப்போகிறவன் நினைப்பிலேயே இல்லை. பத்திரமாக வீடு சேர்ந்தான். அதில் என் சாமர்த்தியம் எள்ளளவும் கிடையாது.

அடுத்த முறை உன் நண்பனோடு வாதாடாதே. போதையில் இருப்பவனிடம் நியாயம் பேசி யாரும் ஜெயித்ததில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடி, இல்லை அங்கேயே படுக்க வை. கோபித்தால் இரண்டு நாள் பேசமாட்டான், அவ்வளவுதானே? உங்கள் ரூமில் பாய் இல்லையென்றால் சொல், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சித்தி கொடுத்தனுப்புவாள்.

அன்புடன்,
சித்தப்பா