பாசிமணிக் கைச்சங்கிலி கோர்க்கப் பழகுவோம்

தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தால் வளையல் கடையைச் சுற்றித்தான் நமது பெண்பிள்ளைகள் நிற்பார்கள். ஆசை ஆசையாக வாங்கிய பாசிமணிக் கைச்சங்கிலியோ, பல சமயம் லயத்துக்கு வந்து சேருமுன்பே அறுந்து, மணியெல்லாம் கானுக்குள் உருண்டோடிவிடும். மணியில் குறையில்லை. நூலும் முடிச்சும்தான் சரியில்லை. அந்த மணிகளைப் பொறுக்கி வைத்திருந்தால் தூக்கி வீசாதீங்க. அவற்றை வைத்தே உறுதியான ஒன்றைக் கோர்க்கும் முறையை இம்முறை பார்ப்போம்.

வேண்டியவை கொஞ்சம்தான். துளையுள்ள மணிகள், இலாஸ்டிக் நூல், கத்தரிக்கோல், அடிமட்டம், நிறமில்லாத கியுடெக்ஸ். சீமெந்துத் தரையில் மணி விழுந்தால் தேடி மாளாது. ஆகவே பழைய துவாய் ஒன்றை விரித்து, அதன்மேல் மணிகளைக் கொட்டிக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அளவு. ஒரு நூலை மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். 16 சென்ரிமீற்றர் வந்தால் அதோடு ஒன்றரை கூட்டுங்கள். மொத்தம் 17.5. மணி ஒன்றின் அகலம் 6 மில்லிமீற்றர் என்றால் 29 மணி போதும். 8 மில்லிமீற்றர் மணி கைக்குள்ளே கூடுதல் இடம் பிடிக்கும். அதற்கு 2 சென்ரிமீற்றர் கூட்டினால் 22 அல்லது 23 மணி வரும். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோர்ப்பதானால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 29 மணி கோர்த்தால் முடிச்சுப் போடும் இடத்தில் ஒரே நிறம் இரண்டு சேர்ந்து நிற்கும். ஆகவே 28 அல்லது 30.

இலாஸ்டிக் நூலை 30 சென்ரிமீற்றருக்கு வெட்டி, கோர்க்குமுன் நாலைந்து தடவை நன்றாக இழுத்து விடுங்கள். புது நூல் போட்டபின் கொஞ்சம் நீளும். முன்னரே இழுக்காவிட்டால் இரண்டே நாளில் தளர்ந்து, மணிக்கு நடுவே நூல் தெரியும். ஒரு முனையில் செலோடேப் ஒட்டிவிட்டால் மணி கழன்று ஓடாது. துளையின் விளிம்பு கூர்மையாக உள்ள மணிகளை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். அவை நூலை அறுத்துவிடும்.

இனி முடிச்சு. இதில் அவசரப்பட வேண்டாம். வலது முனையை இடது முனையின் மேல் போட்டு, ஒரு தடவைக்குப் பதிலாக இரண்டு தடவை சுற்றி இறுக்குங்கள். அடுத்து இடது முனையை வலதின் மேல் போட்டு, இன்னொரு முடிச்சு. இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் நழுவும். முடிச்சின்மேல் ஒரு சொட்டு கியுடெக்ஸ் வைத்துக் காய விடுங்கள். சுப்பர் குளூ வேண்டாம், இலாஸ்டிக் விறைத்து முறிந்துபோகும். காய்ந்தபின் மிச்ச நூலை வெட்டி, முடிச்சைப் பக்கத்து மணியின் துளைக்குள் இழுத்து மறைத்துவிடலாம்.

இலாஸ்டிக் கிடைக்காவிட்டால் தங்கூசி நூலில் கோர்க்கலாம். அது நீளாது, ஆகவே கொக்கி வேண்டும். பழைய சட்டைப் பொத்தானை ஒரு முனையில் கட்டி, மறுமுனையில் பொத்தான் நுழையும் அளவுக்கு ஒரு கண்ணி போட்டால் கொக்கி தயார். சாதாரண பருத்தி நூலை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. மழையிலும் பனியிலும் நனைந்து நனைந்து இற்றுப்போகும்.

கொழுந்து பறிக்கப் போகும்போது இதைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதே நல்லது. வாதில் மாட்டி இழுபடும். தேயிலைத் தொழிற்சாலைக்குள் வேலை செய்கிறவர்கள் கையில் போடவே கூடாது. இயந்திரத்தில் சிக்கலாம். அறுந்தால் மணி தேயிலைக்குள் போய்விடும்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கோர்த்த மணி எதையும் போட வேண்டாம், திருஷ்டிக்குக் கட்டுவதானாலும் மணியில்லாமல் கட்டுங்கள். மணி மூச்சுக்குழாயில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூக்குக்குள் மணி போய்விட்டால் ஊக்கு, குச்சி விட்டுக் கிண்டாதீங்க. அது உள்ளே தள்ளிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கீழ்நாட்டுப் பக்கம் போய் வருகிறவர்கள் சில வேளை குன்றிமணி கொண்டு வருவார்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த விதை. பார்க்க அழகு, தட்டாரக் கடையில் தங்கம் நிறுக்கவும் ஒரு காலத்தில் பயன்பட்டது. ஆனால் அதன் உள்ளே கடும் நஞ்சு இருக்கிறது. தோல் உடையாதவரை நஞ்சு உள்ளேயே அடங்கியிருக்கும். நாம் ஊசியால் துளைக்கும்போது அந்தத் தோலைத்தானே உடைக்கிறோம்? துளைத்த விதையைப் பிள்ளை வாயில் போட்டால் என்னவாகும்? வாந்தியும் வயிற்றோட்டமும் உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். இதற்கென்று மாற்று மருந்தும் கிடையாது. ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல், விதையின் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டில் குன்றிமணி மாலை, கைச்சங்கிலி இருந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி இன்றே அப்புறப்படுத்துங்கள்.

அடுத்த திருவிழாவுக்குச் சின்னக் கடை போட நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விலை வைக்கும்போது மணிக்கும் நூலுக்கும் கொடுத்த காசை மட்டும் பார்க்காதீங்க. ஒன்றைக் கோர்த்து முடிக்க எவ்வளவு நேரம் போனது, டவுனுக்குப் போய்வர பஸ்ஸுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் கொப்பியில் எழுதிக் கூட்டுங்கள். கோர்த்ததை ஒரு நாள் வைத்திருந்து, பத்துத் தடவை இழுத்துப் பார்த்தபின் விற்பனைக்கு எடுங்கள்.